கஸ்பர் அங்கிளின் நான்கு திருகாணிகள்

ஒரு மனிதன் இருபத்தேழு வருடம் யாரையும் தொடவிடாத பெட்டிக்கு நான் சொன்ன விலை நாற்பது டொலர். முதலில் முப்பதுதான் சொன்னேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பத்து ஏற்றினேன்.

சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணம் பெரியகடையில், துணிக்கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் பிறந்தவன் நான். தாலாட்டுக்கு முன்பே பேரம் கேட்டு வளர்ந்தவன். வியாபாரத்தில் பொய் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இதில் ஒரு முழம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்ததை அளந்தபடியே தருகிறேன்.

1996 நவம்பர். ஸ்காபரோவில், கென்னடி வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்றில் குடியிருந்தேன். ஒரு மூலையில் கட்டில், மறு மூலையில் வேலை மேசை. பழைய மரக் கமெராக்களை மலிவாக வாங்கி, ஆட்டம் போக்கி, மினுக்கி, டவுன்ரவுனில் அலங்காரக் கடைகளுக்கு விற்பேன். அதுதான் தொழில்.

ஒரு வியாழக்கிழமை எமில்டா அன்ரி வந்தார். மன்னாரில் ஸ்ரூடியோ வைத்திருந்த கஸ்பர் அங்கிளின் மனைவி. அங்கிள் இறந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பழைய கம்பளியில் சுற்றி, அங்கிளின் கமெராவைக் கொண்டுவந்திருந்தார்.

"விக்கிறதுக்கில்லை தம்பி. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவற்ற படத்துக்குப் பக்கத்தில வைக்கப்போறன். பின் பலகை ஆடுது. இறுக்கித் தாங்கோ."

"முப்பது தாறன் அன்ரி. சரி, நாற்பது."

"உமக்கு வெக்கமே இல்லையோ?"

"வெக்கத்தைக் கொண்டரேல்லை அன்ரி. பிளேனில பாரம் கூடிப்போச்சு."

சிரித்தார். உடனே கண் கலங்கியது.

"ஊரில எல்லாற்ற பிள்ளையளையும் படம் எடுத்த மனுசன். எங்கட மகள் மெலனிக்கு ஒரு படம் இல்லை. ஏழு வயசில போனவள். இருந்த அல்பம் வீட்டோட எரிஞ்சிட்டுது. இப்ப அவளின்ர முகம் எனக்கே சரியா வருகுதில்லை தம்பி. மூக்கு வந்தா கண் வருகுதில்லை."

நான் பேரத்தை நிறுத்தினேன். அவர் வாசலில் நின்று திரும்பினார்.

"உள்ளுக்கு மட்டும் திறந்து பாக்காதேங்கோ. என்னைக்கூட விட்டதில்லை. ஏனெண்டும் சொன்னதில்லை."

"ஓம் அன்ரி."

துளை அகன்று ஆணி பிடிக்காவிட்டால் பெரிய ஆணி போடுவான் மடையன். மரம் பிளந்துவிடும். துளையின் அழுக்கைச் சுரண்ட வேண்டும். மரப்பசை விட்டு, பல்லுக்குச்சிகளை நெருக்கிச் செருகி, காய்ந்ததும் மட்டமாக வெட்ட வேண்டும். பிறகு நடுவில் சின்னத் துளையிட்டால் பழைய ஆணியே புது மரத்தைக் கடித்துக்கொள்ளும். குச்சிகளைச் சீனக் கடையில் எடுத்துக்கொள்வேன். ஒரு சூப் குடித்தால் நான்கு மாதத்துக்குப் போதும்.

அந்தக் கமெராவில் முப்பத்தாறு திருகாணிகள். முப்பத்திரண்டு அசையவே இல்லை. பின் பலகையின் நான்கு மட்டும் தொளதொளத்தன. இது வயதால் வந்த தேய்வு அல்ல. யாரோ அந்த நான்கையும் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். பலகையைக் கழற்றியபோது, உள்ளே புத்தகம் போல ஒரு தட்டை மரக்கூடு தெரிந்தது. படம் பிடிக்கும் கண்ணாடித் தகட்டை வெளிச்சம் படாமல் வைக்கும் கூடு. வாக்குக் கொடுத்திருந்தேன். தொடவில்லை.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான்கு ஆணிகளையும் பூட்டினேன். இரும்புப் பிடி. என்னையே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

கிர்... கிர்... கிர்...

கண் விழித்தேன். மணி 2.10. ஹீற்றர் சத்தம் என்று நினைத்தேன். ஹீற்றர் அணைந்திருந்தது.

விளக்கைப் போட்டேன். நான்கு ஆணிகளும் மேசையில் கிடந்தன. வரிசையாக. தலைகள் எல்லாம் ஒரே பக்கம். குச்சி மரம் ஒரு துளி பிய்யவில்லை. பிடுங்கியது அல்ல. பொறுமையாகத் திருகிக் கழற்றியது. அறையில் வினாகிரி போல ஒரு புளித்த வாசனை... படம் கழுவும் இருட்டறைகளில் வருமே, அது.

நித்திரைக் குழப்பத்தில் நானே கழற்றியிருப்பேன் என்று எனக்கே கதை சொன்னேன். மறுபடி பூட்டினேன். ஆணி கழற்றும் திருகுளியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

2.50.

கிர்... கிர்...

திருகுளி என் காதுக்குக் கீழேதான் இருந்தது.

மறுபடி நான்கும் வெளியே. இம்முறை ஒரு ஆணித் தலையின் பிளவில் ஏதோ சிக்கியிருந்தது. ஊசியால் எடுத்தேன். நகத் துணுக்கு. மருந்துக் கறை ஏறிய, கபில நிற நகம்.

என் நகங்களைப் பார்த்தேன். பத்தும் முழுசாக இருந்தன.

பின் பலகை தானாகச் சரிந்தது. மரக்கூடு பாதி வெளியே வந்திருந்தது. எடு என்று யாரோ நீட்டியது போல.

அங்கேதான் என் பரம்பரைப் புத்தி வேலை செய்தது. கட்டிய பொதி கைக்கு வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். சரக்கு என்னவென்று தெரிய வேண்டும். அதுவரை என் கையில் வந்த கூடுகள் அத்தனையும் வெறும் கூடுகள். இதுவும் அப்படித்தான் இருக்கும்...

விளக்குக்குக் கீழே பிடித்து மூடியை இழுத்தேன்.

உள்ளே கண்ணாடி. பால் நிறம். ஒன்றும் இல்லை.

என் கைக்கும் தகட்டுக்கும் நடுவே ஐஸ் போல ஒரு குளிர் புகுந்தது.

பின்னால்...

ஒரு ஆண் அழுதான்.

ஒரே ஒரு விம்மல். தொண்டையில் அடைத்து, அறுந்த விம்மல்.

மூடியை அடித்துச் சாத்தினேன்.

மணி 3.04. வாசனை இல்லை. சத்தம் இல்லை. ஒருவரும் இல்லை. விடியும்வரை செபமாலையைப் பிடித்தபடி இருந்தேன். ஆணிகளை மறுபடி பூட்டினேன். அதற்குப் பிறகு அவை அசையவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, தேத்தண்ணி கொடுக்கும்போது எமில்டா அன்ரி என்னை ஒரு பக்கம் இழுத்தார். முகம் பூரித்திருந்தது. இறந்தவரின் வீட்டில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"தம்பி, அவர் எழுதின கொப்பி ஒண்டு நேற்றுத்தான் கண்டனான். மெலனி கோயில்ல முதல் நன்மை வாங்கின வெள்ளை உடுப்போட ஒரு படம் எடுத்திருக்கிறார். அடுத்த கிழமை அவள் காய்ச்சலில போயிட்டாள். கழுவவே இல்லையாம். கழுவிப் பழுதாப்போனா அவள் ரெண்டாம் தரம் செத்துப்போவாள் எண்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருசமும் அவளின்ர நாளில ஆணியைக் கழட்டுவாராம். பயந்து திரும்பப் பூட்டுவாராம். அது அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்குது!"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"டவுன்ரவுனில ஒருத்தர் இப்பவும் கழுவலாமெண்டு சொல்லுறார். வெளிச்சம் மட்டும் பட்டிருக்கக் கூடாதாம். நீங்கள் திறக்கேல்லைத்தானே?"

"இல்லை அன்ரி," என்றேன்.

ஜனவரியில் அவரே படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வெள்ளை வெளேர் என்ற தாள். வெளிச்சம் எல்லாவற்றையும் தின்றிருந்தது... நடுவில் மட்டும் ஒரு கை. விரல்களை அகல விரித்து, தகட்டைப் பொத்திப் பிடித்த ஒரு கையின் வடிவம். அந்தக் கை மறைத்த இடத்தில் மட்டும் படம் தப்பியிருந்தது.

அது என் கை அல்ல. கண்ணாடியின் முகத்தை நான் தொடவே இல்லை. அதோடு, அந்தக் கையின் சின்னவிரலில் ஒரு கணு குறைவாக இருந்தது.

எமில்டா அன்ரி அந்தக் குறைந்த விரலைத் தடவினார்.

"இது இவற்ற கை தம்பி. ஸ்ரூடியோக் கதவுக்குள்ள நசிஞ்ச விரல். ஆரோ திறந்திருக்கினம். இவர் ஓடிவந்து பொத்தியிருக்கிறார்."

ஆரென்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். நான் கூலி வாங்கவில்லை.

கணக்கு இதுதான். துளைகள் நான்கு, அடைத்தேன். திருகாணிகள் நான்கு, இறுக்கினேன். பிள்ளையின் முகம் ஒன்று. அதில் வரவு: இடது கண், பாதி உதடு, வெள்ளை முக்காட்டின் ஓரம்.

மிச்ச முகம் என் பற்றில் கடனாக நிற்கிறது.