கலனுக்கு வைத்த விருந்து

காலை ஆறு மணிக்குக் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முந்தின இரவு சென்னை கிளாம்பாக்கத்தில் ஏறியது. முதுகு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலும் மனம் துள்ளலாகத்தான் இருந்தது. நான் ஊர் பார்க்க வரவில்லை. என் கணவர் சுந்தரத்தை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தேன்.

கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் எட்டு மாதமாக இருக்கிறார். நெல் ஊறவைத்து அவித்த தண்ணீர் முன்பெல்லாம் ஊருணியில் போய் விழுந்து ஊரையே நாறடித்ததாம். அந்தத் தண்ணீரையும் நறுக்கிய வைக்கோலையும் சாணத்தோடு கரைத்து, காற்றுப் புகாத கலனுக்குள் விட்டு எரிவாயு எடுப்பதற்காக அவரை வரவழைத்தார்கள். உள்ளூரில் ஒருவருக்குப் பழக்கிவிட்டு மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் கிளம்பினார். தினமும் தொலைபேசியில் கலனின் உடல்நிலையை நான் விசாரிக்காமலே சொல்வார். என் உடல்நிலைக்கு முறை வருவதற்குள் அவருடைய சார்ஜ் தீர்ந்துவிடும்.

திருப்பத்தூர் போகும் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குன்றக்குடி தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு விளக்கு வைக்கப் போகிறவர்.

“எங்குட்டு போறீக?”

“வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“கோவிச்சுக்கிட்டு வந்துட்டாகளா?”

“இல்லைங்க, வேலைக்கு வந்தவர்.”

“அதுவும் ஒண்ணுதேன்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பத்தூரில் வேறு பேருந்து மாறிக் கீழச்சிவல்பட்டியில் இறங்கியபோது எட்டு மணி. சுந்தரம் பைக்கோடு நின்றார். இளைத்திருந்தார். என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, “கலனுக்கு உடம்பு சரியில்ல. போன்ல சொல்லத் தைரியம் வரல,” என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு நேரில் கேட்ட முதல் வார்த்தை. எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டு கிலோமீட்டரில் ஆலை. பின்புறம், பாதி மண்ணுக்குள் புதைந்து ஒரு பெரிய சிமென்ட் தொட்டி. அதுதான் கலன். பக்கத்தில் காளியம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஆலையில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தவள். அவளுக்குத்தான் இவர் வேலையைப் பழக்கிக்கொடுத்திருந்தார். அவள் தனியாக ஓட்டினால் இவர் கிளம்பலாம்.

நடந்ததை அவளே சொன்னாள். நான்கு நாளைக்கு முன்னால் ஊர்க் கோயிலில் அன்னதானம். அன்று சுந்தரம் ஊருக்குக் கிளம்புவதற்காகச் சாமான் வாங்கக் காரைக்குடி போயிருந்தார். பந்தி முடிந்ததும் மீந்த சோறும் பாயசமும் அண்டா அண்டாவாக ஆலைக்கு வந்தன.

“குப்பையில கொட்ட மனசு வரல மதினி. இது தெனமும் கழிவுத் தண்ணியும் வைக்கோலுமாத் திங்குது. ஒரு நாளாச்சும் நல்ல சாப்பாடு சாப்பிடட்டுமேன்னு அம்புட்டையும் ஊத்திட்டேன்.”

இந்தப் பக்கத்தில் விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். அந்தக் கை கலனை மட்டும் விட்டுவைக்குமா? உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு சோற்றை ஒரே மூச்சில் செரிக்க முடியவில்லை. எல்லாம் புளித்துவிட்டது. சுந்தரம் குழாயைத் திறந்து தீக்குச்சியை நீட்டினார். புளித்த வாடை வந்தது, தீ பிடிக்கவில்லை. குச்சிதான் அணைந்தது.

“இப்ப என்ன மருந்து?” என்றேன்.

“பட்டினிதான். கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி, புதுச் சாணி. மூணு வாரமாவது ஆகும்.”

அவர் அறையில் பெட்டி கட்டி வைத்திருந்தது. எனக்குப் பிடித்த சீப்புச் சீடைகூட மேலே இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் வீட்டுக்கு வரத்தான் ஆசைப்பட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

மதியம் ஆலைக்காரர் வந்தார். “பேசாம மூடிருவோம் தம்பி. தண்ணிய பழையபடி ஊருணிப் பக்கமே விட்டுக்கலாம்,” என்றார். காளியம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

“அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க மதினி. பட்டினி போடத்தானே? நான் பாத்துக்கிறேன்.”

சுந்தரம் என்னைத் தனியே அழைத்தார். “அவ பாத்துக்குவா. ஆனா நான் இல்லாம இது செத்துப்போச்சுன்னா, ஒரு பொம்பள கெடுத்துட்டான்னு ஊரே பேசும். ஆலைக்காரரும் அவளை வேலைக்கு வச்சுக்க மாட்டாரு. நீ சொல்லு, நான் என்ன செய்ய?”

முடிவை என் தலையில் வைத்துவிட்டார். வாங்க போகலாம் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நானூறு கிலோமீட்டர் வந்திருந்தேன். தொட்டியின் ஓரத்தில் காளியம்மாள் வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். “இருந்து எரியவச்சுட்டு வாங்க,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆலை முற்றத்தில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் செய்யாத மனிதர்.

மாலை காரைக்குடிவரை பைக்கிலேயே கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் நான் அவர் தோளில் கை வைத்திருந்தேன். பேருந்து நகரும்போது அவர் கையசைக்கவில்லை, சும்மா நின்றார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது.

மறுநாள் காலை சென்னையில் அடுப்படிக்குள் போனேன். இங்கே குமிழைத் திருகினால் போதும், கேட்காமலே நீலமாக எரிகிறது. அதற்கு யாரும் பட்டினி போட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். காபி கலந்து முடித்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு டம்ளர் நிறைய இருந்தது. எட்டு மாதமாகியும் ஓர் ஆளுக்கான அளவு என் கைக்கு வரவில்லை. காளியம்மாளை நான் எந்த வாயால் குறை சொல்வது?