தூசி நின்ன வீடு

வீடு சுத்தம் பண்ற தொழில்ல அழுக்கை நம்பலாம், தேய்ச்சா போயிடும். தூசியை மட்டும் நம்பவே கூடாது. பழைய வீட்டுல குடியிருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லணுமா என்ன? காலையில துடைச்ச டிவி மேல சாயங்காலம் விரலால பேர் எழுதிப் பார்க்கிற கூட்டம்தானே நாம எல்லாரும். எனக்கு ஊரு முத்தாபுதுப்பேட்டை. நானும் என்கூட வேலை பார்க்கிற அமுதாவும் தூசி உறிஞ்சுற மெஷினையும் ஒட்டடைக் கம்பையும் தூக்கிக்கிட்டு ஆவடி பூரா வீடு வீடா போறோம். கரப்பான், எலி, பல்லி எதுக்கும் பயந்தவ இல்ல நான். ஆவடி சேக்காட்டுல ஒரு வீடுதான் என்னை நடுங்க வச்சுது.

ரெண்டே நாள்

அது மேல கான்கிரீட் தளம் போட்ட பழைய வாடகை வீடு. குடியிருந்தவங்க தென்காசிப் பக்கம். அந்தப் பொண்ணு சரண்யா ஐ.டி. கம்பெனி வேலையை வீட்டுலேர்ந்தே பார்க்குது, புருஷன் தினம் ரயிலேறி ஆபீஸ் போறவர். குழந்தை நிலாவுக்கு ரெண்டு வயசு. அதுக்கு வீசிங். கொஞ்சம் தூசி பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும், உடனே மூக்குல மாஸ்க்கை வச்சு ஆவி மெஷின் போடணும். தூசியே ஆகாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாராம். அதனாலதான் எங்களைக் கூப்பிட்டாங்க.

நாள் முழுக்க வேலை. மெத்தையைத் தட்டி, ஃபேன் இறக்கையைக் கழுவி, பரண்ல இருந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் இறக்கித் துடைச்சோம். கிளம்பும்போது நான் பெருமையா ஃபோட்டோ வேற எடுத்துக்கிட்டேன். மூணாம் நாள் காலையில சரண்யா ஃபோன் பண்ணுச்சு. கட்டில் மேல மாவு தூவின மாதிரி மறுபடியும் தூசி கிடக்குதாம். பின்னாடி அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறுறது எனக்கே கேட்டுச்சு. "அக்கா, நீங்க வந்துட்டுப் போனதுக்கு அடையாளமே இல்லையேக்கா."

ஜன்னல் மேல சந்தேகம்

தூசி ரோட்டுலேர்ந்துதான் வருதுன்னு முடிவு பண்ணி ஜன்னல் சந்துக்கெல்லாம் டேப் ஒட்டினோம். கதவுக்கு அடியில ஈரத்துணி திணிச்சோம். வீடு வெந்துச்சு, குழந்தைக்கு வேர்த்துக் கொட்டுச்சு, தூசி மட்டும் நிக்கல. அதுவும் கட்டில் மேல மட்டும்தான். பக்கத்துலயே இருந்த மேஜை சுத்தமா இருந்துச்சு பாருங்க, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

வாடகை வாங்க வந்த வீட்டு ஓனர் டேப்பைப் பார்த்துட்டுச் சிரிச்சார். குடி வர்றதுக்கு முன்னாடிதான் தளத்துக்கு ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சாராம், வீடு புதுசாம். நான் விடாம கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துடுச்சு. "ரயிலும் லாரியும் ஓடுற ஊர்ல தூசி வராம பன்னீரா வரும்?"

என் புத்திசாலித்தனம்

விரல்ல தேய்ச்சுப் பார்த்தா எந்தத் தூசின்னு நாங்க சொல்லிடுவோம். ரோட்டுத் தூசி கறுப்பு. துணித் தூசி பஞ்சா வரும். இது வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. மேல பார்த்தேன். கட்டிலுக்கு நேரா தளத்துல மெல்லிசா ஒரு விரிசல். இன்ஜினியர் யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு சொல்றதுக்கு என்ன, என் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? சொல்லல. எங்க ஓட்டு வீட்டுல மேலேர்ந்து தூசி விழாம இருக்க கூரைக்கு அடியில சேலையை விரிச்சுக் கட்டுவோம். அதையே இங்கேயும் சொன்னேன்.

சரண்யா ஒரு பழைய பூனம் சேலை எடுத்துக் குடுத்துச்சு. கட்டிலுக்கு மேல, சுவத்துல நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு நானே கட்டினேன். கழட்டினா தூசி கொட்டும், தொடவே தொடாதீங்கன்னு வேற சொல்லிட்டு வந்தேன். அன்னிக்கே தூசி நின்னுது. ரெண்டரை மாசம் கழிச்சு சரண்யா சொல்லி பட்டாபிராம்ல ஒரு வீட்டு வேலை கிடைச்சுது, அங்கேயும் இதே வைத்தியம்தான் பண்ணேன். என் காலு தரையில நிக்கல. சேக்காட்டுல சேலை கட்டின ஒரு மாசத்துல சரண்யா ஃபோன்ல சொன்னதை இன்னும் மறக்கல. "அக்கா, ஆவி மெஷினை வெளியவே எடுக்கலக்கா, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

பட்டாபிராம் சேலை

பட்டாபிராம் வீட்டுல கட்டி ரெண்டு வாரம்தான் இருக்கும். துவைச்சுத் தாங்கன்னு அந்த வீட்டம்மா கேட்டாங்க. அமுதா ஸ்டூல் மேல ஏறி முடிச்சை அவிழ்த்தா. தூசி வரும்னு நான் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னேன். தூசி வரல. உள்ளங்கை அகலத்துக்கு சிமென்ட் சில்லு சில்லா தடதடன்னு விழுந்துச்சு. ரெண்டு வாரத்துக்கே இவ்வளவுன்னா, சேக்காட்டுல கட்டி மூணு மாசம் ஆச்சே. தொடாதீங்கன்னு சொன்னவளும் நான்தானே.

ஃபோன் போட்டேன், எடுக்கல. மறுபடியும் போட்டேன், எடுக்கல. மத்தியானம் சரண்யாவுக்கு மீட்டிங், ஃபோனை சத்தம் வராம வச்சுடும். அந்த நேரத்துலதான் குழந்தையைத் தூங்கப் போடும். அமுதா ஒரு சில்லைக் கையில தூக்கிப் பார்த்துட்டு என்னைப் பார்த்தா. "இன்னாக்கா நீ, தூசின்ன, இது செங்கல்லு கணக்கா கனக்குதே."

கட்டில்

ஒட்டடைக் கம்போட அமுதாவையும் இழுத்துக்கிட்டு ஏறின ஷேர் ஆட்டோவுல, சேக்காடு போற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள எத்தனை சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. ஆள் ஏத்துறதுக்கு நிறுத்துன ஒவ்வொரு தடவையும் டிரைவரைத் திட்டினேன். பாவம், அந்த ஆளு என்ன பண்ணுவான்? சரண்யா காதுல ஹெட்செட்டோட கதவைத் திறந்து, இருங்கன்னு கை காட்டுச்சு. நான் இடிச்சுக்கிட்டு உள்ள ஓடினேன். சேலை தூளி மாதிரி தொங்கிக் கிடந்துச்சு. தூசிப் பாரம் தாங்காம கிழியப் போகுதுன்னு சரண்யா அடியில ஒரு துப்பட்டாவையும் சேர்த்துக் கட்டியிருந்துச்சு. அதுக்கு நேர் கீழ நிலா தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

கத்தினா விழுந்துடுமோன்னு பயம். மூச்சை அடக்கிக்கிட்டு, முட்டி போட்டுப் போய் குழந்தையை ரெண்டு கையாலயும் வாரிக்கிட்டு வந்து சரண்யா கையில குடுத்தேன். அமுதா வாசப்படியில நின்னே ஒட்டடைக் கம்பால ஒரு முடிச்சைத் தட்டி விட்டா. சேலையில இருந்தது கொட்டுச்சு. அந்த அதிர்வுல தளத்துலேர்ந்து ஒரு பெரிய பாளம் பேர்ந்து தலையணை மேல விழுந்து, கட்டில் கால் ஒடிஞ்சுது. மேல துருப்பிடிச்ச கம்பிதான் தெரிஞ்சுது. வீடு முழுக்க புகையா தூசி.

சரண்யா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நீங்க வரலைன்னா என் பிள்ளை போயிருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அதைக் கேட்கவே முடியல. என்னைக் கும்பிடாதம்மா, விரிசலை நான் அன்னிக்கே பார்த்தேன், பார்த்துட்டுதான் சேலையைக் கட்டி மறைச்சேன்னு சொல்லிட்டேன். அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். அந்தப் பொண்ணு கையை எடுத்துக்கிச்சு. குழந்தை முதுகைத் தடவிக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம சொல்லுச்சு. "தூசி நின்னதும் நானும் மேல பார்க்குறதை விட்டுட்டேன்க்கா."

இப்பவும் இதே வேலைக்குத்தான் போறேன். எங்க வீட்டுல தூசியே கிடையாதுன்னு யாராவது பெருமையா சொன்னா மட்டும், வாசல்லயே நின்னு அண்ணாந்து பார்த்துட்டுதான் உள்ள காலெடுத்து வைக்கிறேன்.