அக்கா மூடாத சட்டி

எங்கள் அக்கா அளவெட்டியில், பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக, ஒரு தை மாதத்தில் பிறந்தார். நாளும் நட்சத்திரமும் சாதகக் குறிப்பில் இருந்தன. குறிப்பைக் கறையான் தின்றுவிட்டது. அவருக்கு ஆறு வருடத்துக்குப் பின் நான். எனக்குப் பின் தம்பி.

அக்காவின் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லித் தம்பிதான் கேட்டார். "சின்னக்கா, கடைசிவரை கூட இருந்தது நீங்கள்தானே. நீங்களே எழுதுங்கோ" என்றார். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறவள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஓம் என்றேன். வாயால் இருபது வருடமாகச் சொல்ல வராத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதத்தான் ஓம் என்றேன்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கலியாணம் நடந்தது. அத்தான் நல்ல மனிதர். மூன்றாம் வருடமே நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் பிறகு ஐயாவையும் அம்மாவையும் வைத்துப் பார்த்தார். அவர்கள் போனபின் அந்த வீட்டில் நானும் அவரும். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்மண் துண்டில் அக்கா மரவள்ளி நட்டார். வேலியோரம் இராசவள்ளிக் கொடி ஏற்றினார். கருணைக்கிழங்கும் வத்தாளங்கிழங்கும் அந்தந்தப் பருவத்துக்கு இருக்கும். மாசியில் பனங்கிழங்கைக் கிண்டி, அவித்தும் காயவைத்தும் வைப்பார். கிழங்கு சமைப்பதில் அக்காவுக்கு ஈடாக ஊரில் ஒருவரும் இல்லை என்று நான் சொல்வதில் பிழையில்லை. கலியாண வீடு, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி வீடு என்றால் முதல்நாளே ஆள் வந்துவிடும். "மரக்கறியை ஆரும் வெட்டட்டும், கிழங்குக்கு நீங்கள் வரவேணும்" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கருணைக்கிழங்கு அவர் கைபட்டால் தொண்டையில் கடிக்காது. இராசவள்ளிக் கஞ்சி ஊதா நிறம் மங்காமல், கரண்டியில் இருந்து மெல்ல இறங்கும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கிழங்கானாலும் சட்டியைத் திறந்து வைத்துத்தான் அவிப்பார். முதல் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் விடுவார். மரவள்ளிக்கு எல்லோரும் அப்படித்தான் செய்வோம். மூடி அவித்தால் அதன் நஞ்சு ஆவியோடு போகாமல் உள்ளேயே நின்றுவிடும். அக்காவோ எல்லாக் கிழங்குக்கும் அதையே செய்வார்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பில் இருந்து கப்பலில் தம்பியின் மனைவியான மச்சாளும் மூன்று பிள்ளைகளும் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். மச்சாளுக்கு நெல்லியடி ஊர். அங்கே தாய்வீட்டில் தமையனின் குடும்பம் இருந்ததால், "எங்கடை வீட்டிலை இருக்கட்டும்" என்று அக்கா கூட்டிவந்தார். தம்பி திரும்பவும் கொழும்புக் கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு ரயிலில் வரும்போது பிள்ளைகளுக்காகக் கரட், பீற்றூட் எல்லாம் பையில் கொண்டுவருவார்.

முதல் தடவை பீற்றூட்டை அக்கா வழக்கம்போல அவித்து முதல் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டார். மிஞ்சியது வெளிறிப்போய் இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பெரிய மாமி, சாயத்தையெல்லாம் வாழைக்குக் குடுத்திட்டியள்!"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கு முன்பின் தெரியாத கிழங்கு. தெரியாததின்ரை முதல் தண்ணியை நான் நம்பமாட்டன்."

இன்னொருமுறை தம்பியுடன் வேலை செய்த ஒருவர் நுவரெலியாவில் இருந்து கொண்டுவந்து கொடுத்த கிழங்கு ஒன்று வந்தது. மேலே ஊதா, கீழே மஞ்சள், வெட்டினால் உள்ளும் மஞ்சள். முட்டைக்கோவா மணம். அதன் பெயர் தம்பிக்கும் தெரியவில்லை. அக்கா மணந்து பார்த்தார், ஒரு கீற்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், தோலைத் தடிப்பாகச் சீவினார். திறந்த சட்டியில் அவித்து, தண்ணீர் மாற்றி, மசித்து, தேங்காய்ப் பாலும் வெந்தயமும் பச்சை மிளகாயும் போட்டு இறக்கினார். மச்சாள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடைசிப் பிள்ளை, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், அக்காவின் மடியில் இருந்து அந்தச் சட்டியை வழித்து நக்கினாள். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமும் சிரிப்பும் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அடுத்த வருடம் கோயில் திருவிழா. ஒருநாள் விடியற்காலை அக்கா மரவள்ளியைத் தோலுரித்து, பிளந்து, நடுநாரை எடுத்து, சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினார். அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் புறப்படும்போது எனக்குச் சொன்னார்:

"பிள்ளை, மூடாதை. கொதிச்சவுடனை முதல் தண்ணியை வடி. இது வேலியோரத்துப் புதுத்தடி, கொஞ்சம் கசக்கும் போலை கிடக்கு."

"ஓம் அக்கா."

மச்சாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுவாமி வீதியுலா எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்தது. நாதஸ்வரம் கேட்டது. எங்கள் ஊர் நாதஸ்வரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சனத்துக்குள் போய் நின்று கேட்க எனக்கு வெட்கம். படலைக்குப் பின்னால் நின்று கேட்கலாம் என்று ஆசைப்பட்டேன். சட்டி கொதிக்கச் சுணங்கியது. கெதியாக அவியட்டும் என்று மூடியை எடுத்து மூடிவிட்டுப் போனேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சத்தம் தூரத்துக்குப் போனபின்தான் அடுப்பு நினைவுக்கு வந்தது. ஓடிவந்து திறந்தேன். தண்ணீர் வற்றிவிட்டது. கிழங்கு பூவாக அவிந்திருந்தது. வடிக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பசி என்று வந்து நின்றார்கள். ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தேன், கசப்பு இருந்தது. சம்பலோடு தெரியாது என்று நினைத்துக் கொடுத்தேன். இதை நான் தெரிந்துதான் செய்தேன்.

பெரியவர்கள் இருவரும் கொஞ்சம் தின்றுவிட்டு ஓடிவிட்டார்கள். சின்னவளுக்குக் கிழங்கு என்றால் உயிர். அக்கா கோயிலால் வந்து படி ஏறும்போது அவள் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் செருகியது. கால் துவண்டது. அக்கா அடுப்பைப் பார்த்தார். பக்கத்தில் நனைந்த மூடி கிடந்தது. என்னைப் பார்த்தார். மச்சாள் ஈரக்கையோடு ஓடிவந்தார்.

"ஐயோ, என்ரை பிள்ளைக்கு என்ன? ஆர் கிழங்கு அவிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான்" என்றார் அக்கா. "விடியவே வைச்சிட்டுப் போனனான். கோயில் அவதியிலை மறந்து மூடிப்போட்டன். இப்ப உதைக் கதைக்க நேரமில்லை, பிள்ளையைத் தூக்குங்கோ."

பக்கத்து வீட்டார் கார் பிடித்துத் தந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துச் சத்தி எடுப்பித்தார்கள். மூன்றாம் நாள் சின்னவள் எழும்பி இருந்தாள். நாலாம் நாள் மச்சாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போய்விட்டார். போகும்போது அக்காவிடம், "உங்களை நம்பியெல்லோ அடுப்படியை விட்டிட்டு இருந்தனான். இனி உங்கடை கையாலை என்ரை பிள்ளையளுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் வேண்டாம்" என்று சொன்னார். பெற்ற வயிறு; அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கார் போனபின் நான் அக்காவின் காலைப் பிடித்து அழுதேன். ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"எழும்படி. சொல்லி என்ன? எனக்கு வீடு இருக்கு. உனக்கு என்ன இருக்கு? உன்னிலும் நான் ஆறு வயசு மூப்பு, முன்னம் போவன். அதுக்குப் பிறகு உன்னைத் தம்பியும் அவளும்தானே பாக்கவேணும்? அவள் உன்னிலை கோவிக்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இரு."

நான் மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது சுகமாகவும் இருந்தது. இதையும் எழுத வேண்டும்.

அதன்பின் கலியாண வீடுகளில் இருந்து அக்காவுக்கு ஆள் வரவில்லை. "அவவின்ரை கிழங்கோ? முதலிலை காரைச் சொல்லி வைச்சிட்டெல்லோ தின்னவேணும்" என்று கிணற்றடியில் பகிடி விட்டார்கள். அக்காவுக்கும் கேட்டது. பிறகு எழுபதுகளில் அரிசியும் மாவும் இல்லாமல் ஊரே மரவள்ளி தின்ற காலத்தில், அதே பெண்கள் வேலிக்கு வந்து எப்படி அவிப்பது என்று கேட்டார்கள். அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்: மூடாதேங்கோ, முதல் தண்ணியை ஊத்துங்கோ, தின்ற கையோடு இஞ்சிக் கோப்பி குடியாதேங்கோ. ஒருத்தி சிரித்துக்கொண்டு, "பட்டுத்தானே படிச்சிருக்கிறியள்" என்றாள். "ஓம், பட்டுத்தான்" என்றார் அக்கா. நான் உள்ளே அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி குடும்பம் வருடத்தில் இரண்டு மூன்று தடவை எங்களைப் பார்க்க வரும். மச்சாள் கோபத்தை வளர்க்கிறவர் அல்ல. அக்காவோடு கதைப்பார், சுகம் விசாரிப்பார். ஆனால் சாப்பாட்டுக்கு இருந்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்; அவருக்கு நானும் மச்சாள்:

"மச்சாள், ஆர் சமைச்சது?"

"தங்கச்சி" என்பார் அக்கா, நான் வாய் திறக்கமுன்.

அது பொய். சமைத்தது அக்கா. அந்த நாளுக்குப் பிறகு நான் அடுப்படியில் கிழங்கைத் தொட்டதே இல்லை. அவர்கள் வருகிறார்கள் என்றால் அக்கா விடியமுன் எழும்பி எல்லாம் சமைத்துவிட்டு, குளித்து, வேறு சேலை உடுத்து, புகை மணம் இல்லாமல் முற்றத்தில் போய் நிற்பார். நான் பரிமாறுவேன். சின்னவள் இராசவள்ளிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "சின்ன மாமியின்ரை கைக்கு மோதிரம் போடவேணும்" என்பாள். அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் பெரியபிள்ளையானபோதும், படிப்பித்தல் வேலை கிடைத்தபோதும், கலியாணம் முடித்து மாப்பிள்ளையோடு வந்தபோதும் இப்படியே நடந்தது. தீபாவளிக்கு மச்சாள் எனக்கு நல்ல சேலை அனுப்புவார். அக்காவுக்கும் அனுப்புவார்; ஆனால் என்னுடையதில்தான் கரை அகலம். நான் அதை உடுத்தேன்.

கடைசி ஆறு கிழமை அக்கா ஒருபக்கம் இழுத்துப் படுத்துவிட்டார். சின்னவள் லீவு போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். அவள் கஞ்சி பருக்கும்போது அக்கா அவள் கையையே பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு பகல், அவள் கிணற்றுக்குப் போன நேரம், "நான் சொல்லிப்போடட்டோ அக்கா?" என்று கேட்டேன். அக்காவுக்கு வாய் கோணிப்போயிருந்தது. "வேண்டாம். உன்னை அவையள் பாக்கவேணும்" என்றார். தன்னை அல்ல, என்னை. ஐந்து நாளில் அவர் சிவனடி சேர்ந்தார்.

இதுவரை எழுதிய கொப்பியை எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த அடுத்தநாள் மச்சாளின் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல அப்போதும் வரவில்லை. அவர் அடுப்படி வாசலில் இருந்து வாசித்தார். பக்கத்தில் நின்று சின்னவளும் வாசித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் மச்சாள் அவ இருக்கேக்கை சொல்லேல்லை?" என்று கேட்டார்.

பிறகு கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

"அப்ப இவ்வளவு வருசமும் நாங்கள் சாப்பிட்டது அவவின்ரை கையாலை."

"ஓம்."

"உங்கடை கையாலை ஒண்டும் இல்லை."

"இல்லை."

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

தம்பி வாசித்துவிட்டு, "உதை ஏன் அச்சிலை போடவேணும்? ஊர் சிரிக்கும்" என்றார். மச்சாள்தான், "சிரிக்கட்டும். அவவைப் பாத்துச் சிரிச்ச ஊர்தானே. ஒரு எழுத்தும் வெட்டாமல் போடுங்கோ" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "முப்பத்தோராம் நாள் படையலுக்கு மரவள்ளிக் கறி நான் வைக்கிறன். இராசவள்ளிக் கஞ்சியும் நான்தான். நீங்கள் அடுப்படிக்கு வரவேண்டாம்."

நான் சரி என்றேன். அது கோபமோ வேறு ஏதுமோ என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அக்கா படுத்த நாள் முதல் இராப் பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், கார் தந்த பக்கத்து வீட்டாருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்து கிருத்தியங்களுக்குத் தோள் கொடுத்த உறவினருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கீரிமலைக்குக் கூடவந்து தீர்த்தமாடியவர்களுக்கும், என் எழுத்துப் பிழைகளைத் திருத்திய அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் பெயராகச் சொல்லாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தோராம் நாளில் நீங்கள் இதை வாசிக்கும்போது உங்கள் இலையில் வைக்கும் கிழங்குக் கறி மச்சாள் சமைத்தது. என் கை அதில் படவில்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள். எங்கள் அக்காவின் கைக்கும் நீங்கள் ஒருநாளும் பயந்திருக்கத் தேவையில்லை.

தங்கை