பழசாக்கிய சேலைகள்

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை போனேன். அதோடு கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு நான் எழுதியதெல்லாம் அண்ணன் வெளியூர் போயிருக்கும்போது அவருக்குப் போட்ட கடுதாசிகள்தான். அவையும் 'இங்கு எல்லோரும் சுகம்' என்பதைத் தாண்டியதில்லை. படித்தவர்கள் யாராவது இதைப் பார்க்க நேர்ந்தால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போவதும் பெரிய விஷயம் இல்லை. துணி துவைத்ததைப் பற்றித்தான்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே என் வீட்டுக்காரர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். நான் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த எங்கள் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். அப்பா காலத்துக்குப் பிறகு அது அண்ணன் வீடாயிற்று. அண்ணன் மனைவி எனக்கு மைனி. அடுக்களைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையை எனக்கு விட்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தியவளுக்குப் பூஜை அறையிலும் வேலையில்லை, விசேஷ வீடுகளிலும் வேலையில்லை. ஆகவே வீட்டின் படுக்கைத் துணிகளெல்லாம் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. யாரும் இதை நீ செய் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. ஒருநாள் பார்த்தால் அது என் வேலையாகியிருந்தது.

இலவம்பஞ்சு மெத்தையை நனைக்கக்கூடாது. வெயிலில் போட்டுப் பிரம்பால் தட்டி, பக்கம் மாற்றிப் போட வேண்டும். சமுக்காளத்தை உதறி மடிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பில் மண் உட்கார்ந்து நூலை அறுக்கும். எல்லாவற்றிலும் பாடு படுத்துவது போர்வைதான். பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, நெடுகிலும் ஓட்டுத் தையல் போட்ட போர்வை. காய்ந்திருக்கும்போது ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆற்றில் நனைத்துவிட்டால் அது ஒரு ஆள் கனம். துவைப்பதுகூடப் பெரிதில்லை, பிழிவதுதான். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் முறுக்க வேண்டும். மற்றப் பெண்கள் நாத்தனாரோடும் மகளோடும் படித்துறைக்கு வருவார்கள். நான் விடிவதற்குமுன் தனியாகப் போய்த் திரும்பிவிடுகிறவள். படித்துறைக்கு மேலே ஒரு மருதமரம் உண்டு. அதன் வேரில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை நான் முறுக்குவேன். மரம் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிழிந்து முடிந்ததும் மடிக்க எதிரே வராது, அவ்வளவுதான்.

அண்ணன் மகள் பிறந்து வளர்ந்தது என் கண்ணெதிரே. பால்குடி மறந்தபின் அவள் என்னோடுதான் படுப்பாள். போர்வையின் மூலையில் நூல் துருத்திக்கொண்டிருந்தால் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். காலையில் அந்த மூலை மட்டும் ஈரமாக இருக்கும். அவளுக்குத் திருநெல்வேலி டவுனில் கல்யாணம் ஆயிற்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். வளைகாப்பு அன்று நான் பின்னறையில் இருந்தேன். வளையல் சத்தம் அங்கேயும் கேட்டது.

வந்த சில நாளில் என் அறைக்கு வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அத்தை, பிள்ளைக்கு நீங்கதான் போர்வை தைக்கணும்."

"ஏளா, உங்கம்மா தைப்பாவ."

"அம்மா தைச்சா ஒரு முனை வீரவநல்லூருக்குப் போகும், ஒரு முனை முக்கூடலுக்குப் போகும். அதுல பிள்ளையக் கிடத்துனா உருண்டு ஆத்துல விழுந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து நாளாகியிருந்தது. மைனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தமாட்டார்கள். உடுத்தி உடுத்திப் பழசான நூல்சேலைதான் வேண்டும். பச்சைத்தோலுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். புதுசில் போட்டால் கண் பட்டுவிடும் என்றும் சொல்வார்கள். என்னிடம் இருந்த பழந்துணி எல்லாம் வெள்ளை. அது ஆகாது. மைனியிடம் கேட்பதற்கு இரண்டு மூன்று நாள் தயங்கினேன். அவர்கள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மைனி, உங்க பழைய சேலை ரெண்டு தந்தியள்னா பிள்ளைக்குப் போர்வை தைச்சிருவேன்."

மைனி முறத்தை நிறுத்தவில்லை. "பழசெல்லாம் கிழிச்சுத் துண்டுதுண்டா மடிச்சு வச்சாச்சே. போர்வை வேற எதுக்கு?"

"அவ கேட்டா. அதான்."

"அவ சின்னப்பிள்ள, கேப்பா." இரண்டு முறை புடைத்தபிறகு சொன்னார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல. சம்பந்தி வீட்டுலேருந்து வந்து பாத்துட்டு, இது யாரு கை வச்சுத் தைச்சதுன்னு கேட்டாவன்னா நான் என்னத்தச் சொல்லுதது? நீயே சொல்லு."

சிதறிக் கிடந்த அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டேன்.

"மனசுல வச்சுக்கிடாத," என்றார்கள்.

மைனி கெட்டவர்கள் இல்லை. எனக்குச் சாப்பாட்டில் ஒரு குறை வைத்ததில்லை. தலைப்பிரசவம் என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றில் நெருப்புதான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை என் தையலில் ஒரு பொழுதாவது படுக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் தகரப்பெட்டியில் கல்யாணத்தின்போது வந்த நூல்சேலைகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தேன். அவற்றை உடுத்த வாய்க்கவே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் கஞ்சி விறைப்பு போகாமல், மடிப்பை எடுத்தால் பலகை மாதிரி நின்றன. வயதுக்குப் பார்த்தால் பழஞ்சேலை, தொட்டுப் பார்த்தால் புதுசு. அவற்றைப் பழசாக்குவது என்று முடிவு செய்தேன்.

தினமும் விடியுமுன் ஆற்றுக்குக் கொண்டுபோனேன். முதலில் கஞ்சி போக ஊறவைத்தேன். பிறகு உவர்மண் போட்டுக் கும்மினேன். கல்லில் ஓங்கி அடித்தால் இழை விட்டுவிடும் என்று பையப் பையத் துவைத்தேன். சாயம் போகக்கூடாது என்று எல்லோரும் நிழலில் உலர்த்துவார்கள். நான் நல்ல வெயிலில் மணலில் விரித்தேன். அழுக்கே இல்லாத துணியைத் துவைப்பது விசித்திரமான வேலை. அழுக்குத் துணியென்றால் தண்ணீர் தெளிந்ததும் போதும் என்று தெரியும். இதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. துணி ஆள் உடுத்தினால்தான் பதப்படும். நான் வண்ணச்சேலை உடுத்த முடியாது. ஆகையால் காய்ந்ததும் பாயின்மேல் விரித்து அதில் படுத்தேன். காலையில் மறுபடியும் ஆற்றுக்கு.

ஒருநாள் உவர்மண் போட்டுக் கும்முவதில் நேரமாகிவிட்டது. நன்றாக விடிந்து பெண்கள் படித்துறைக்கு வந்துவிட்டார்கள். பச்சைச் சேலை தண்ணீரில் நீளமாகக் கிடந்தது.

"இது யாரு சேலை?" என்று மேலத்தெருப் பெண் ஒருத்தி கேட்டாள். "பச்சை நல்ல பச்சையால்ல இருக்கு. உங்களுக்கு எதுக்கு இது?"

இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சேலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். அப்போது எங்கள் வீட்டுக்குத் துணி வெளுக்கிறவள், கீழே வெளுக்கிற துறைக்குப் போகிற வழியில் மூட்டையோடு வந்தாள். என்ன நடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்டாள்.

"அது எஞ்சேலைம்மா," என்றாள். "தாயி எனக்கு வெளுத்துத் தாராவ. இத்தன நாளு நான் வெளுத்தேன்லா, இப்ப முறை மாறிப்போச்சு. கூலி என்ன கேக்கப்போறாவளோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு வேறு எங்கோ போயிற்று. நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கு அப்படியெல்லாம் சட்டென்று வாய் வராது.

ஐப்பசி பிறப்பதற்குள் சேலைகள் இரண்டும் வழிக்கு வந்தன. பச்சை, வாழைக்குருத்து நிறத்துக்கு வந்திருந்தது. அரக்கு, பழுத்த அரசிலை மாதிரி ஆயிற்று. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், உறுத்தவில்லை. உள்ளே அடுக்குவதற்கு என்னுடைய வெள்ளைத்துணிதான் இன்னும் மெத்தென்று இருந்திருக்கும். வெளியே தெரியப்போவதில்லை. ஆனாலும் வைக்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரும் சொல்லுமுன் என் மனசே என்னைச் சொல்லும். வண்ணச்சேலைகளையே மடித்து மடித்து அடுக்கித் தைத்தேன். ஒரு மூலையில் மட்டும் நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டேன்.

அண்ணன் மகளிடம் கொடுத்தபோது மைனி பக்கத்தில் இருந்தார்கள். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, விரலால் தடவினார்கள். எந்தச் சேலை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கல்யாணத்தில் அந்தச் சேலைகள் வைத்த தட்டைத் தூக்கி வந்ததே அவர்கள்தான்.

"இருக்கட்டும்," என்று பிள்ளை பெறுகிற அறையில் கொடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பெண்பிள்ளை பிறந்தது. நல்ல சுகப்பிரசவம். தீட்டுக் கழிகிறவரை நான் அந்த அறைக்குள் போகக்கூடாது. அந்த அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பிள்ளை அழுவது, மைனி ஓராட்டித் தூங்கவைப்பது எல்லாம் கேட்கும். ஆனால் எதன்மேல் படுத்து அழுகிறது என்று சுவர் வழியாகக் கேட்க முடியாதே.

அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழி இருந்தது. வெளுக்கிறவள் தினமும் காலையில் வந்து அந்த அறைத் துணியை எடுத்துப் புழக்கடை வழியாகப் போவாள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் முருங்கைக்கீரை ஆய்கிறவள் மாதிரி அங்கே உட்கார்ந்துகொள்வேன். மூட்டையில் மைனியின் சேலைத்துண்டுகள் இருக்கும். மஞ்சள், நீலம், கட்டம் போட்டது. என் பச்சையைக் காணோம். போர்வை அழுக்காகவில்லை என்றால் பிள்ளை அதில் படுக்கவில்லை என்று அர்த்தம். சுத்தமாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. என் வேலையெல்லாம் துணியைச் சுத்தமாக வைப்பதுதான். அந்த நாட்களில் ஒரு துணி அழுக்காகி வராதா என்று காத்திருந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் செந்தண்ணீர் வந்து படித்துறையின் கீழ்ப்படிகள் மறைந்தன. துணி வெளுக்க முடியவில்லை, வெளுத்தது காயவில்லை. அடுக்களையில் அடுப்புக்குமேல் கயிறு கட்டி மைனியின் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தோம். புகை நாற்றம் ஏறியதே தவிர ஈரம் போகவில்லை. பிள்ளையோ கொஞ்ச நேரத்துக்கொரு தரம் நனைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் பிள்ளை வீரிட்டு அழுதது. அண்ணன் மகள் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"எம்மா, இதுவும் சொதசொதன்னு இருக்கு. பிள்ளைக்கு உடம்பு சில்லுங்கு."

"ஏளா, காஞ்ச துணி ஒண்ணுகூட இல்ல. நான் என்ன செய்ய, வெயிலப் பிடிச்சா கொண்டாருவேன்?"

"கொடியில அத்தை போர்வை கிடக்கே."

நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி, எடு," என்றார்கள் மைனி. "வேற என்ன செய்யதுக்கு இருக்கு. சம்பந்தி வீட்டுல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். பைய... தலையப் பிடிச்சுக்கோ."

கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. அதன்பிறகு அந்தப் பொழுது முழுவதும் அந்த அறையில் சத்தமே இல்லை.

விடிந்ததும் வெளுக்கிறவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். என் வாசலில் மூட்டையை இறக்கினாள். மேலாகப் போர்வை இருந்தது. நடுவில் பெரிய ஈரம், ஒரு ஓரத்தில் மஞ்சளாகக் கறை.

"பாருங்க தாயி, உங்க பச்சைச்சேலையப் பேத்தி என்ன பாடு படுத்தியிருக்கான்னு," என்றாள். "ஆறு வடிஞ்ச பொறவு நானே வெளுத்துத் தாரேன். கூலிக்குக் கூலி சரியாப் போச்சு."

"இல்ல. இத நான் துவைச்சுக்கிடுதேன்," என்றேன்.

அவள் போர்வையை என் கையில் எடுத்துத் தந்தாள். பாலும் மூத்திரமும் கலந்த வாடை அடித்தது. நூலை நீளமாக விட்டிருந்த மூலையைத் தேடிப் பார்த்தேன். அது காய்ந்திருந்தது. பிறந்த பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. கிணற்றடியில் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். அன்று மருதமரம் வரை போக முடியாது. முற்றத்துத் தூணில் ஒரு முனையைக் கட்டிப் பிழிந்து, அடுப்புக்குமேல் கயிற்றில் இடம் பார்த்துப் போட்டேன்.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. மைனியின் பழந்துணிகள் எல்லாம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டன. என் போர்வை மறுபடியும் கொடிக்குப் போயிற்று.