கண்ணைப் பொத்த வேண்டிய நேரம்

இறகுப்பந்துக் குழாயின் மூடியைத் திறந்தால் ஒரு வாசம் வரும். இறகும் பசையும் தக்கையும் கலந்த வாசம். யாரோ ஒரு வாத்தைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, உள்ளே உட்கார வைத்ததுபோல. போன சனிக்கிழமை காலை சுவா சூ காங் சமூக மன்றத்தில் என் மகள் அப்படி ஒரு குழாயைத் திறந்தாள். மற்றவர்களின் இளமைக்கு மல்லிகை வாசம். எனக்கு வாய்த்தது வாத்து.

அன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஜப்பானிய ஆட்டக்காரர். பெண்கள் இரட்டையர் ஆட்டத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஒரே தோழியோடு ஜோடி சேர்ந்து ஆடியவர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே கைபேசியில் தேடுவீர்கள். தேடினால் அவருடைய கடைசி ஆட்டம் வரும். அதன் ஓரத்தில், நாற்காலியில், மீசையோடு நான் வருவேன்.

அப்போது குவீன்ஸ்டவுனில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சிராங்கூன் சாலையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த நண்பன் ஜமால்தான் என்னைக் கோட்டு நடுவராக்கினான். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்லும் உத்தியோகம்.

"ஒண்ணும் கஷ்டமில்லடா. உட்காரணும், கோட்டைப் பாக்கணும், அவ்ளோதான் லா. கோடும் ஓடாது, நீயும் ஓட வேணாம்."

மொத்தம் மூன்று சைகை. உள்ளே என்றால் ஒரு கையைக் கோட்டை நோக்கி நீட்ட வேண்டும். வெளியே என்றால் இரு கைகளையும் விரித்துக் கத்த வேண்டும். பந்து விழுந்ததைப் பார்க்கவில்லை என்றால் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். மற்றதை நடுவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதில் வெட்கமே இல்லை என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னவர்களுக்குப் பெண் பார்த்து முடிந்திருந்தது.

எனக்கு முடியவில்லை. செம்பவாங்கில் பெண் பார்த்துவிட்டு வந்து இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. வெறும் குமாஸ்தாவைவிட, பன்னாட்டுப் போட்டியில் நீல கோட் போட்ட குமாஸ்தா கொஞ்சம் எடுப்பாக இருப்பானே என்று பெண் வீட்டாருக்கு நுழைவுச்சீட்டு அனுப்பினேன். குடும்பத்தோடு வந்து எனக்கு எதிரே மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முறுக்குகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

அந்த ஜப்பானிய ஆட்டக்காரரின் கடைசி ஆட்டம் அதுதான். மூன்றாவது செட். எதிரணி ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி. இவருடைய தோழி முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டிருந்தார்; இவர் அவருக்கும் சேர்த்து ஓடினார். பிறகு எதிரணியின் தலைக்கு மேலே, என் கோட்டை நோக்கி, உயரமாக ஒரு பந்து அடித்தார். சரியாக அந்நேரம் பெண்ணின் அப்பா எனக்குக் கையாட்டினார். நான் பார்த்தேன். பல்லைக்கூடக் காட்டியிருப்பேன். திரும்பினால் பந்து தரையில் கிடந்தது.

அரங்கமே என்னைப் பார்த்தது. கண்ணைப் பொத்தியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும் அது. ஆனால் மேலே முறுக்கோடு இருந்தவருக்குத் தெரியாதே! மாப்பிள்ளை அழுகிறான் என்று நினைத்துவிட்டால்?

கைகளை விரித்தேன். எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக.

ஆட்டம் முடிந்தது. இவர் வலையருகே போய் எதிரணிக்குக் கை கொடுத்தார். போகும்போது என் நாற்காலியைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினார்.

பக்கக் கோட்டில் உட்கார்ந்திருந்த ஜமால், டீக்கடையில் வைத்துத்தான் வாயைத் திறந்தான். "உள்ளடா அது. கோட்டு மேலயே விழுந்துச்சு. என் கோடு இல்ல, நான் எப்படிச் சொல்றது? நீ எங்கடா பாத்துக்கிட்டிருந்தே?"

மறுநாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. "மாப்பிள்ளை சட்டுனு முடிவெடுக்கிற ஆளு" என்றாராம் மாமனார்.

போன சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் சொல்லிவிடுவது என்று வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு தாய், கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்டார். அவர் ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "தோழிக்கு முழங்கால் போய்விட்டது, அன்றோடு இருவரும் நிறுத்திவிட்டோம். கடைசிப் பந்தை நான்தான் கோட்டைத் தாண்டி நீளமாக அடித்துவிட்டேன். கோட்டு நடுவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அதனால் நிச்சயம் நீளம்தான். தோழியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பிள்ளைகளுக்கு அந்த அடியைக் கொஞ்சம் குறைத்தே அடிக்கச் சொல்லித்தருகிறேன்."

என் முறை வந்தது. மகள் முந்திக்கொண்டாள். "எங்கப்பாவும் லைன் ஜட்ஜா இருந்தாங்க!"

அவர் முகம் மலர்ந்தது. எந்தப் போட்டி என்று கேட்டார்.

இருபது வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. "பள்ளிக்கூடப் போட்டிகள்தான்" என்றேன். "சின்னச் சின்னது."

கடினமான வேலை என்று சொல்லி, இடுப்பை வளைத்து வணங்கினார். அதே வணக்கம்.

அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். ஜமாலின் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். ஜமால் மகனோடு பெர்த்துக்குப் போய்விட்டான். சட்டென்று முடிவெடுக்கும் மாப்பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மாமனாரும் போய்ச் சேர்ந்தார். பெரிய போட்டிகளில் இப்போது சந்தேகம் என்றால் ஆட்டக்காரர் கையை உயர்த்தினால் போதும், கேமரா சொல்லிவிடும். மீசையையும் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே மகள் பயிற்சி செய்கிறாள், அவர் சொல்லிக்கொடுத்தபடியே. சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே பந்து விழுகிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பிக் கேட்கிறாள், "உள்ளயாப்பா?"

உள்ளே என்று கை நீட்டுகிறேன்.