ஹெலாதியோ வாத்தியார் தூக்கிய கை

எங்கள் காபி மலையில் ஹெலாதியோ வாத்தியார் நான்கு முறை மேயர் தேர்தலில் நின்றார். நான்கு முறையும் ஒலிபெருக்கி கட்டிய வண்டியை ஓட்டியவன் நான். கூட்டமே சேராத ஊரிலும் அரை மணி நேரம் நிலம், கூலி என்று பேசிவிட்டுத்தான் இறங்குவார்.

முதல் தேர்தலில் வாக்குப்பெட்டிகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே கொளுத்தினார்கள்.

"சாம்பல எண்ணியும் அவங்களே ஜெயிச்சிட்டாங்க, பாத்தியா நாபோர்?" என்று சிரித்தார்.

அடுத்த தேர்தலில் சிரிக்க முடியவில்லை. அவர் மனைவி எஸ்தோலியாவின் தம்பி லூசியானோ, எங்கள் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டான். சுட்டவர்கள் மேயர் கிரிசோபரோவின் ஆட்கள் என்று ஊருக்கே தெரியும். வழக்கு நிற்கவில்லை.

ஐந்தாம் தேர்தல் வருவதற்குள் காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. இந்த முறை வாத்தியார்தான் மேயர் என்று விருந்துக்குப் பன்றிகூடப் பேசி வைத்திருந்தோம். அப்போது தலைநகரிலிருந்து வந்த கட்சிக்காரர், வேட்பாளர் கிரிசோபரோ என்றார். போன மாதம்தான் அந்த ஆள் எங்கள் கட்சிக்குத் தாவியிருந்தார்.

"அவர் கையில நாலாயிரம் ஓட்டு இருக்கு, தோழரே. நீங்க முரண்டு பிடிச்சா கட்சி உடைஞ்சிரும்."

சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் வாத்தியாரையே பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். பிறகு நாங்களும் தூக்கினோம்.

வாத்தியாரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது.

"தூக்கினீங்களா?" என்று கேட்டாள் எஸ்தோலியா.

"கட்சி முடிவும்மா. இத்தன வருஷ உழைப்பு வீணாப் போயிரக் கூடாதேன்னு..."

"என் தம்பிக்கு இருபத்திரண்டு வயசு."

அவருக்குச் சோள ரொட்டியும் பயறும் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதன்பிறகு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

கட்சி ஜெயித்தது. ஊர்வலத்துக்கு வாத்தியார் போகவில்லை. நூலகப் பொறுப்பு தருகிறேன் என்று கிரிசோபரோ சொல்லி அனுப்பியதையும் மறுத்துவிட்டார். குடிநீருக்கும் பாதைக்கும் மனு எழுதித் தருகிறேன் என்று மலையூர்களுக்குப் போய்வந்தார். "அவனுக்கே கை தூக்கின ஆளுதானே" என்று சிலர் காதுபடவே பேசினார்கள்.

பதினோரு வருடம் கழித்து ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"தூக்கியிருக்கக் கூடாது, நாபோர்."

"வீட்ல அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'தெரியும்'னா."

எஸ்தோலியா சூப்பை ஆற்றிக் கொண்டுவந்து ஊட்டினாள்.  வியாழக்கிழமை இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் லூசியானோவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வேண்டாம் என்று எஸ்தோலியா சொல்லிவிட்டாள். வேலியோரமாகப் புதைத்தோம்.