மழையில்லாமல் ஏறிய கிணறு

நிலத்தடி நீரைக் கணிக்கும் என் கணினி மாதிரிக்காக, சிவகிரிப் பக்கத்துக் கிராமத்தில் தினமும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து அனுப்பியவர் அந்த ஊர்ப் பம்பு ஆபரேட்டர். வெளுத்த காக்கிச் சட்டை, நரைத்த மீசை. எதையும் டேப் வைத்து இரண்டு முறை அளப்பார்.

ஊரில் மழையே இல்லாத வாரத்தில் கிணறு ஏறியதாக எழுதியிருந்தார்.

"தப்பா அளந்திருக்கீங்க, அண்ணாச்சி."

"மலையில பெஞ்சு கொளம் பெருகிட்டுல்லா சார். அதான் கெணறும் ஏறுது."

நான் நம்பவில்லை. அவருக்கு அளக்கத் தெரியவில்லை என்று ஊராட்சிக்கு எழுதி, அளக்கும் வேலையை வேறொருவருக்கு மாற்றினேன்.

மறு வருடம் என் கணிப்பெல்லாம் பொய்த்தது. மாதிரியில் குளத்தையும் கிணற்றையும் இணைத்து, அவருடைய பழைய அளவுகளைப் போட்டதும் கணக்கு நேரானது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட எதுக்கு சார்? ஊர்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு டேப்பே பாக்கத் தெரியாதுன்னு பேசுதாவ."

வருகிறேன் என்றேன். என் தவறை அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூச்சம். இன்னும் அந்த ஊருக்குப் போகவில்லை.